சக்கரத்துக்குக் கீழே ரோஜாக்கொடி

மழை விட்டபாடில்லை. கடைக்கு முன்னால் வைத்திருந்த பலகை தண்ணீரில் நகர்ந்து பக்கத்துச் செருப்புக்கடை வாசலில் போய் நின்றிருந்தது. எடுத்து வரலாம் என்று நான் எழுந்தபோது இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அண்ணன் தம்பி என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரே நெற்றி, ஒரே காது. அண்ணன் கையில் சாப்பாட்டு டப்பா ஒன்று இருந்தது.

“நனைஞ்சிடும்னு இதுல வச்சு எடுத்துட்டு வந்தோம் சார்,” என்றான் தம்பி. “தெருமுனை நாய் சாப்பாடுன்னு நினைச்சு உங்க கடை வரைக்கும் கூடவே வந்துடுச்சு.”

நாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. டப்பாவுக்குள் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க். அதைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் பாதியில் விட்ட பூவேலை.

பழுதான டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவது என் வேலை. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, மேசை, விளக்கு, திருகாணிகள். யார் வந்தாலும் என்ன ஆச்சு என்று கேட்பேன். முதல் தடவையிலேயே உண்மை வராது. கீழே விழவே இல்லை என்பார்கள். ஒரு மூலை நசுங்கியிருக்கும்.

“என்ன ஆச்சு?”

“டொக் டொக்னு சத்தம் சார். யாரோ உள்ள மாட்டிக்கிட்டு கதவைத் தட்டற மாதிரி,” என்றான் தம்பி. வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவனே சொன்னான். “காலையில ஆன் பண்ணதும் பேச ஆரம்பிச்சா ராத்திரி நிலையம் மூடற வரைக்கும் ஓடும்னு அண்ணி வச்ச பேரு.”

அண்ணன் எம்பிராய்டரி மெஷின்காரர். பன்னிரண்டு தலை மெஷின். ஒரே நேரத்தில் பன்னிரண்டு சட்டையில் ஒரே டிசைனைத் தைக்கும். டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைவது அவர் மனைவி. எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகப் போட்டு வைப்பாள். அத்தனையும் இந்த டிஸ்க்கில்தான்.

“அவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே. எந்த ஃபைல் எங்கன்னு தெரிஞ்சிருக்கும்.”

மெஷின்காரர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு நூலைப் பிய்த்து விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணி அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க,” என்றான் ரேடியோ. “அது ஒரு கதை சார். வாராவாரம் சனிக்கிழமை கம்ப்யூட்டர்ல ஒண்ணு ஓட விடுவாங்க. டிஸ்க்கை அடுக்கறேம்பாங்க. கலர் கலராக் கட்டம் நகரும். எங்கம்மா, ‘வீட்டைப் பெருக்க நேரமில்ல, பெட்டிக்குள்ள பெருக்கறாளாம்’னு சொல்லும். ஒரு சனிக்கிழமை அப்படி அடுக்கி முடிச்சதுக்கு அப்புறம், பஸ் கம்பெனி டிரைவர் சட்டைக்கு பேட்ஜ் போட்டோம். சக்கரம்தான் அவங்க சின்னம். மேல் பாதி சக்கரம் வந்துச்சு. கீழ் பாதி பாத்தா, கல்யாணப் பொண்ணு முக்காட்டுக்குப் போட்ட ரோஜாக்கொடி.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“சிரிங்க சார். பஸ்ஸு கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சுன்னு நானே சிரிச்சேன். அப்புறந்தான் ஆர்டர் போச்சேன்னு அம்மா பிடிச்சுது. நானும் ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசிட்டேன். அடிக்கடி அடுக்கினா டிஸ்க் தேஞ்சு போகும்னு போன்ல எதையோ பாத்தேன், அதையும் எடுத்து விட்டேன். அண்ணி எதுவும் பேசல. மறுநாள் பையை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப டிஸ்க்கே போச்சு. தேஞ்சுதான போச்சு சார்?”

“பாத்துட்டுச் சொல்றேன்,” என்றேன்.

மெஷின்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அந்தச் சக்கரம் வேணும் சார். பஸ் கம்பெனிக்காரங்க போனாப் போகுதுன்னு திரும்பவும் கேட்டிருக்காங்க. மத்தது வந்தா வரட்டும்.”

நூலை உருட்டி உருட்டிச் சின்னக் குண்டாக்கி என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனார்.

டிஸ்க்கைத் தட்டாமல் முட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, அதன் நகலை இன்னொரு டிஸ்க்கில் எடுத்தேன். சில இடங்களில் முனகி நின்றுவிடும். ஆற விட்டு மறுபடி தொடங்குவேன். வெளியே மழை. உள்ளே காற்றாடியின் கீச்சுச் சத்தம். தேநீர் போட்டு ஆற விட்டு, ஆறியதைக் குடித்தேன். இப்போதெல்லாம் அப்படித்தான் குடிக்கிறேன்.

டிஸ்க் என்பது ஒரே அளவுள்ள எண்ணற்ற சின்ன அறைகள். ஒரு கோப்பை வைக்கும்போது கம்ப்யூட்டர் காலியாக இருக்கும் அறைகளைத் தேடும். பக்கத்துப் பக்கத்தில் கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. எந்த அறைக்குப் பின் எந்த அறை என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளும். அழி என்றால் உள்ளே இருப்பதை அழிக்காது. அந்த அறை காலி என்று அட்டவணையில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்து யாராவது குடிவரும் வரை பழையது அங்கேயே கிடக்கும். நாள் ஆக ஆகத் துண்டுகள் சிதறும். படிக்கிற முள் அலைந்து அலைந்து எடுக்க வேண்டியிருக்கும். துண்டுகளை நகர்த்தி ஒன்று சேர்ப்பதைத்தான் அந்தப் பெண் சனிக்கிழமைகளில் செய்திருக்கிறாள்.

இந்த டிஸ்க்கில் போனது அந்த அட்டவணை. எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. இனி ஒவ்வொரு அறையாகத் தட்டி, ஏதாவது கோப்பின் தலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நல்லவேளை, எம்பிராய்டரி டிசைன் ஒவ்வொன்றும் தன் பெயரோடு தொடங்கும். மொத்தம் எத்தனை தையல் என்பதும் தலையிலேயே இருக்கும்.

தலையைப் பிடித்து இழுத்தேன். உடல் முழுசாக வந்தது. அடுத்ததும் அப்படியே. பறவை, எழுத்து, நங்கூரம், குழந்தைச் சட்டைக்கான யானை. பிசிறில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மடித்து அடுக்கிய அலமாரியிலிருந்து துணி எடுப்பது போல இருந்தது. அட்டவணை இல்லாத டிஸ்க்கில் இவ்வளவு சுத்தமாக நான் எதையும் எடுத்ததில்லை.

அவள் போன பிறகு சேர்ந்தவை வேறு மாதிரி. தலை இருக்கும், உடல் இருக்காது. ரேடியோ இறக்கி வைத்திருந்த சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே கந்தலாகக் கிடந்தன. எந்த நாளில் அவள் படியிறங்கினாள் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

நடுவில் அந்தச் சக்கரம்.

மெஷின்காரர் மறுபடி வந்தபோது தனியாக வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்தார். நாய் இந்த முறையும் பின்னால் வந்திருந்தது.

“உட்காருங்க. எல்லாம் கிடைச்சிடுச்சு. உங்க வீட்டுக்காரம்மா வரைஞ்சதுல ஒண்ணுகூடப் போகல.”

“சக்கரம்?”

“அதுவும்தான்.” திரையைத் திருப்பிக் காட்டினேன். “இங்க பாருங்க. டிஸ்க்கை அடுக்கும்போது ஒரு ஃபைலைப் புது இடத்துக்கு நகல் எடுத்து, அப்புறம் அட்டவணையை மாத்தும். சக்கரத்தோட தலை புது இடத்துக்கு வந்துடுச்சு. மீதி வரல, ஆனா அட்டவணை முந்திக்கிட்டு மாறிடுச்சு. அந்த இடத்துல ஏற்கெனவே இருந்த ரோஜாக்கொடி இன்னும் காலி பண்ணல. அதனாலதான் பாதி இது, பாதி அது. பழைய இடத்துல சக்கரம் துண்டு துண்டா அப்படியே கிடந்துச்சு. பொருத்திப் பாத்தேன். தையல் எண்ணிக்கை சரியா இருக்கு.”

“அப்ப அவ மேல தப்பு…”

“அடுக்கினதாலதான் மத்ததெல்லாம் முழுசா வந்துச்சு. தேயறதெல்லாம் இல்ல. அன்னைக்கு மட்டும் நடுவுல கரண்ட் போயிருக்கணும்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் பச்சை நூலில் வட்டமாக நின்றது. பத்து ஆரக்கால்.

“கரண்ட் போகல,” என்றார்.

நான் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.”

குடையிலிருந்து தண்ணீர் சொட்டி வாசற்படியில் கோடாக ஓடியது. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

“அயர்ன் பாக்ஸுக்கு. சட்டையெல்லாம் தேய்ச்சு மடிக்கணும், ஆள் வந்துடுவான்னு அவசரம். கீழ ஒரு பிளக்தான் கைக்கு எட்டும். திரை கறுப்பா இருந்துச்சு, அவ ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டான்னு நினைச்சேன். பிடுங்கினதும் பெட்டி ஒரு சத்தம் போட்டு நின்னுச்சு பாருங்க, அப்பவே தெரிஞ்சிடுச்சு. திரும்பச் சொருகினேன். நீலமா ஒண்ணு வந்து, சோதிக்கப் போறேன், வேணாம்னா ஏதாவது பட்டனைத் தட்டுன்னுச்சு. தட்டிட்டேன்.”

“சோதிக்க விட்டிருந்தா எச்சரிச்சிருக்கும்.”

“அவ துணி காயப்போட்டுட்டு வர்றதுக்குள்ள எல்லாம் பழையபடி ஆகிடணும்னுதான்.”

“வந்ததும் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சட்டை வீணாகி, அம்மா சத்தம் போட்டு… அப்ப சொன்னா என் மேல திரும்பும். சரி, இது அடங்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு. அடங்கறதுக்குள்ள அவ போயிட்டா.”

அன்றைக்கே சொல்லியிருந்தால் சக்கரத்தை அரை மணி நேரத்தில் எடுத்திருக்கலாம். பழைய இடத்திலேயேதான் இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். மனுஷன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“சார், ஒரு உதவி. புது டிஸ்க் மாட்ட வீட்டுக்கு வருவீங்கல்ல. டிஸ்க் பழசு, தானாப் போச்சுன்னு சொல்லிடுங்க. அவ மேலயும் இல்ல, யார் மேலயும் இல்லன்னு ஆகிடும். நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்.”

டிஸ்க் பழசு என்பது பொய்யில்லை.

“சரி,” என்றேன்.

அவர்கள் வீடு வண்டிப்பட்டறைகள் இருக்கும் தெருவில். கீழே மெஷின், மேலே குடித்தனம். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். படியேறும் முன்பே மெஷின் சத்தம் காலுக்குள் ஏறியது. உள்ளே எண்ணெய் வாசனை, ஈரத்துணி வாசனை. பன்னிரண்டு ஊசிகளும் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. பின்சுவரில் நூல் கண்டுகள் நிறவாரியாக. பச்சையில் மட்டும் ஏழெட்டு விதம். ஒவ்வொன்றின் கீழும் ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரே கையெழுத்து.

கம்ப்யூட்டர் மூலையில். அதற்குக் கீழே சுவரில் அந்த பிளக். பக்கத்தில் இஸ்திரி மேசை, மடிக்க வேண்டிய சட்டைகள் மலையாக. இஸ்திரிப் பெட்டி மேசைமேல் நிமிர்ந்து நின்றது.

மாட்டி முடித்துக் கோப்புகளை ஏற்றத் தொடங்கினேன். திரையில் ஒரு பட்டை மெல்ல நீண்டது. மழையில் மின்சாரம் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்ததால் பேட்டரி ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். ரேடியோ உடனே அதன் விலை, எங்கே மலிவு, அந்தக் கடைக்காரனின் மச்சான் யார் என்று ஆரம்பித்தான்.

அவர்கள் அம்மா மேலேயிருந்து தட்டோடு வந்தார். சோறு, பருப்பு, பொரித்த முட்டை. வேண்டாம் என்றேன். காதில் வாங்கவில்லை.

“இந்த மழையில வந்திருக்கீங்க. சாப்பிடுங்க தம்பி. வீட்டுல சமைக்கறது யாரு?”

“நான்தாம்மா.”

“ஏன், சம்சாரம் ஊருக்குப் போயிருக்காங்களா?”

“தவறிட்டா.”

கரண்டி நின்றது. “இந்த வயசுலயா?” என்றார்.  இன்னொரு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். அந்த வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்றுதான் என்பது பாத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஏன் தம்பி, இது எதனால போச்சு?”

மெஷின்காரர் ஊசியைக் கவனிப்பது போலக் குனிந்திருந்தார்.

“டிஸ்க் பழசும்மா,” என்றேன்.

“பழசுதான். ஆனா அவ அப்படிப் போட்டுத் தேய்க்காம இருந்திருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்ல? நான் அன்னைக்குச் சொன்னது தப்பா? வாயில்லாப் பொருளைச் சும்மா போட்டு நோண்டினா அதுதான் என்ன பண்ணும்? இப்ப நாம போய் அவ கால்ல விழணுமாம். இவன் காலையில சொல்றான்.”

“சார் சொல்லிட்டார்ல, பழசுன்னு. விடும்மா,” என்றான் ரேடியோ. “அண்ணிக்கும் தெரியாம நடந்ததுதானே. மன்னிச்சிடலாம்.”

மன்னிச்சிடலாம்.  தண்ணீரைக் குடித்தேன். அந்த டிஸ்க்கில் எது எங்கே கிடந்தது என்று அச்செடுத்த படம் என் பையில் இருந்தது. முழுசாக நின்ற வரிசைகள். எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகாது. நான் முட்டையைப் பிட்டேன். அவர் வைத்த முட்டை.

மெஷின் நின்றது. மெஷின்காரர் நிறுத்தியிருந்தார். அந்தச் சத்தம் போனதும் மழை பெரிதாகக் கேட்டது.

“ஏன்டா நிறுத்திட்ட? நூல் அறுந்துச்சா?”

“இல்லம்மா.” இஸ்திரிப் பெட்டியைக் காட்டினார். “அன்னைக்கு இதைச் சொருகறதுக்காகக் கம்ப்யூட்டர் பிளக்கை நான் பிடுங்கினேன். அது அடுக்கிட்டிருக்கும்போது. அதனாலதான் சக்கரம் கெட்டுச்சு. அவ பண்ணல.”

“என்னடா சொல்ற?”

“அவ அடுக்கினதாலதான் இப்ப எல்லாம் கிடைச்சிருக்கு. சார்கிட்ட நான்தான் வேற மாதிரி சொல்லச் சொன்னேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

“அப்ப அவளை நான் அந்தப் பேச்சுப் பேசும்போது நீ எங்கடா இருந்த?”

“இங்கதான்.”

 

“கூப்பிடு அவளை,” என்றார் அம்மா. குரல் உடைந்திருந்தது. “இப்பவே.”

“எடுக்க மாட்டா.”

“அடிச்சுப் பாருங்க,” என்றேன். என் போனில் நான் அழிக்காத ஓர் எண் இருக்கிறது. அது இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. ஒரு முறை அடித்துத் தெரிந்துகொண்டேன்.

மணி நெடுநேரம் போனது. எடுத்துவிட்டாள். அவர் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். பிளக், அயர்ன், நீலத் திரை, பட்டன்.  லைன் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிப் பார்த்தார்.

“இருக்கியா?”

“இருக்கேன்.” தாழ்ந்த குரல். “எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“எப்படி?”

“துணி காயப்போட்டுட்டு வந்தேன். முடிஞ்சுதுன்னு ஒரு பெட்டி திரையில நிக்கணும். நிக்கல. அயர்ன் சூடா இருந்துச்சு. இதுல என்ன பெரிய கண்டுபிடிப்பு?”

“அப்ப நீயே சொல்லியிருக்கலாமே. எல்லாரும் உன்னைத் திட்டும்போது.”

“நான் ஏன் சொல்லணும்? நீங்க மெஷின்கிட்ட நின்னு ஊசிக்கு நூல் கோத்துட்டிருந்தீங்க. முதல் ஊசியில பேசுவாருன்னு பாத்தேன். சரி, அடுத்ததுல. பன்னிரண்டும் கோத்து முடிச்சீங்க. அப்புறம் முதல் ஊசிக்கு வந்து, கோத்திருந்ததை உருவிட்டுத் திரும்பக் கோத்தீங்க.”

மெஷின்காரர் மெஷினின் முதல் தலையைப் பார்த்தார். அதில் பச்சை நூல் இருந்தது.

“அத்தை பேசினதுக்கு நான் கோச்சுக்கல. அவங்களுக்குத் தெரியாது. ரேடியோ எப்பவும் அப்படித்தான்.”

“அண்ணி…” என்றான் ரேடியோ. அதற்கு மேல் ஓடவில்லை.

“வாம்மா,” என்றார் அம்மா போனைப் பார்த்துக் குனிந்து, செவிடருக்குச் சொல்வது போலச் சத்தமாக. “என்னைத் திட்டணும்னா வந்து திட்டு.”

 பிறகு அவள் கேட்டாள்:

“கம்ப்யூட்டர் இப்ப ஓடுதா?”

“ஓடுது. உன் டிசைன் எல்லாம் ஏறிட்டிருக்கு.”

“அயர்ன் எங்க இருக்கு?”

“மேசை மேல. சொருகல.”

“சரி,” என்றாள். வைத்துவிட்டாள்.

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் மூலைக்குப் போனார். பிளக் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றார். திரையில் பட்டை பாதியைத் தாண்டியிருந்தது. பறவை ஏறியது. நங்கூரம் ஏறியது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சட்டை எடுக்க வந்த ஆள். தேய்க்காத சட்டைகள் அப்படியே கிடந்தன. ரேடியோ அண்ணனைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான். அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். வயரைக் கையில் சுற்றினார். சட்டைகளில் ஒரு கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்து மாடிப்படி ஏறத் தொடங்கினார். மூட்டு வலி உள்ளவர் என்று ஏறும்போதுதான் தெரிந்தது. ரேடியோ மீதிச் சட்டைகளை அள்ளிக்கொண்டு பின்னால் ஓடினான்.

நான் தட்டைக் கழுவி வைத்தேன். பையை எடுத்துக்கொண்டேன்.

“வாசல் வரைக்கும் வரலன்னு நினைக்காதீங்க சார்,” என்றார் மெஷின்காரர். இடத்தைவிட்டு அசையவில்லை.

“பரவாயில்ல. நீங்க இருங்க.”

வெளியே நாய் படியில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உதறிக்கொண்டது. பிறகு என்ன நினைத்ததோ, என்னோடு வராமல் அங்கேயே படுத்துவிட்டது.